இருதலைப்புள்: தமிழக நெசவிலும் ஜப்பானிய மெருகுக்கலையிலும் தொன்மப் பறவைக் குறியீடு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பட்டு நெசவில் 'இருதலைப்பட்சி' எனப்படும் ஈருருப் பறவையை மன்னர்களின் கண்டபேருண்டச் சின்னத்தின் மறுவடிவமாக மட்டும் கருதுவது வழக்கமாக உள்ளது. அப்பறவையின் வடிவமும் பொருளும் வெவ்வேறு வழிகளில் வந்து மணச்சேலையில் ஒன்றிணைந்தன என்பதை இக்கட்டுரை முன்வைக்கின்றது. இதனை விளக்குவதற்கு ஜப்பானிய மெருகுப் பொருள்களில் இடம்பெறும் கலவிங்கம், ஹோ-ஓ ஆகிய தொன்மப் பறவைகள் ஒப்பீட்டுச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வுருக்களின் பெயர்களைப் பதிவுசெய்ய வேண்டிய தேவை திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியின் இன்றைய உற்பத்திமுறையில் எவ்வாறு எழுகின்றது என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: இருதலைப்புள், கண்டபேருண்டம், அன்னம், கலவிங்கம், மாகி-எ, கொங்கு நாடு, நெசவு, திருப்பூர்.

முன்னுரை

உலகில் எங்கும் காணப்படாத பறவைகள் மனிதன் கையாளும் பொருள்களில் மட்டும் உயிர்வாழ்கின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், ஓருடலில் ஈருதலை கொண்ட புள், மனித முகமும் பறவை உடலும் கொண்ட கின்னரம், எட்டுக்கால் கொண்ட சிம்புள் ஆகியவை தமிழ் மரபில் இவ்வகையின. கோயிலின் அதிட்டானத்தில் அன்னவரியாகவும், குத்துவிளக்கின் உச்சியில் அன்னமாகவும், சேலையின் கரையில் இருதலைப்பட்சியாகவும் இவை இடம்பெறுகின்றன. இவற்றை வெறும் அழகூட்டும் உருக்களாகக் கொண்டு கடந்துசெல்வதே பெரும்பாலும் நிகழ்கின்றது.

கைவினைப் பொருளொன்றில் ஓர் உரு ஏன் இடம்பெற்றது என்னும் வினாவிற்கு விடைகாண இரண்டு செய்திகளைத் தனித்தனியே ஆராய வேண்டும். ஒன்று, அவ்வுருவின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பது. மற்றொன்று, அதனைப் பயன்படுத்தியோர் அதில் எப்பொருளைக் கண்டனர் என்பது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் பிழையான முடிவுகள் தோன்றுகின்றன. வடிவம் பயணித்த வழியும் பொருள் பயணித்த வழியும் ஒன்றாகவே இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இந்நிலைப்பாட்டை முதலில் ஜப்பானியச் சான்றுகளைக் கொண்டும், பின்னர்த் தமிழகச் சான்றுகளைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

அரக்கும் உருஷியும்

ஒப்பீட்டிற்கு முன் ஒரு சொல் விளக்கம் தேவை. ஜப்பானிய மெருகுப் பொருள்களைத் தமிழில் 'அரக்குப் பொருள்கள்' என எழுதும் வழக்கம் உண்டு. தமிழில் அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். கர்நாடகத்தின் சென்னபட்டண மரப்பொம்மைகளில் பூசப்படுவது அதுவே. ஜப்பானியர் பயன்படுத்தும் உருஷி ஒரு மரத்தின் பால். மரப்பட்டையைக் கீறி வடித்தெடுக்கப்படும் அப்பால் ஈரக்காற்றில் இறுகும் இயல்புடையது. மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் இறுகவிட்டுத் தேய்த்து மெருகேற்றுவர். எனவே இக்கட்டுரையில் 'மெருகு' என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

ஈரமான உருஷிப் பூச்சின் மேல் பொன் அல்லது வெள்ளித் துகளைத் தூவி உருவம் வரைவது 'மாகி-எ' எனப்படும். தூவிய உருவின் மேல் மீண்டும் மெருகு பூசி, அது இறுகியபின் உரு வெளிப்படும்வரை தேய்த்தெடுப்பது 'டோகிதாஷி' என்னும் முறையாகும்.

நெசவை ஆராய்வோர் கருதத்தக்க வேறொரு முறையும் உண்டு. மரத்திற்குப் பதிலாகச் சணலினத் துணியை உருஷியில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, இறுகிய அத்துணியையே உடலாகக் கொண்டு சிலைகளையும் பெட்டிகளையும் ஆக்குவதே அது. நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் உள்ள எண்வகைக் காவலர் சிலைகள் 734ஆம் ஆண்டில் இவ்வாறு ஆக்கப்பட்டவை. அவற்றுள் பறவைத்தலை கொண்டு நிற்பது 'கருரா'. இது நம் கருடனே. இந்தியத் தொன்மப் பறவையொன்று கிழக்குக் கடற்கோடியில் மெருகில் தோய்ந்த துணியால் உடல்பெற்று நிற்பது ஒப்பீட்டாய்விற்கு அரிய தொடக்கப்புள்ளியாகும்.

நின்னாஜிப் பெட்டியின் கலவிங்கம்

கியோத்தோ நகரின் நின்னாஜி கோயிலுக்குரிய ஏட்டுப் பெட்டியொன்று ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று. 919ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட இப்பெட்டி, எஞ்சியுள்ள தொன்மையான மாகி-எ படைப்புகளுள் வைத்து எண்ணப்படுவது. சீனம் சென்று கற்று 806ஆம் ஆண்டில் நாடு திரும்பிய கூக்காய் என்னும் பௌத்தத் துறவி கொண்டுவந்த முப்பது சிற்றேடுகளை வைப்பதற்காக இப்பெட்டி உருவாக்கப்பட்டது. அதன் மேற்பரப்பில் கற்பனை மலர்க்கொடிகளுக்கும் மேகங்களுக்கும் இடையே மனித முகமும் பறவை உடலும் கொண்ட 'கர்யோபிங்கா' உருக்கள் பொன், வெள்ளித் துகள்களால் அமைக்கப்பட்டுள்ளன.

கர்யோபிங்கா என்பது கலவிங்கம் என்னும் வடசொல்லின் ஜப்பானிய ஒலிப்பு. இனிய குரலுடைய பறவை என்பதே அதன் பண்பாக நூல்களில் கூறப்படுகின்றது. புத்தரின் குரலுக்கு அப்பறவையின் குரலை உவமிப்பது பௌத்த மரபு. இதன் வடிவம் இந்தியக் கின்னர உருவோடு நெருங்கியது. அசந்தா ஓவியங்களில் காணப்படும் கின்னரரை இதனோடு ஒப்பிடலாம். நடு ஆசியா, சீனம் வழியாக இவ்வுரு ஜப்பானை அடைந்தது. ஆனால் நின்னாஜிப் பெட்டியில் அது இடம்பெற்றதற்கு வடிவத்தின் அழகு மட்டும் காரணமன்று. பெட்டியினுள் இருப்பவை அறவுரை ஏடுகள். அவ்வறவுரையின் குரலாகக் கருதப்படும் பறவை அதன் புறத்தே அமைக்கப்பட்டது. உள்ளிருக்கும் பொருளுக்கும் புறத்தே உள்ள உருவிற்கும் இடையிலான இவ்வியைபே குறியீட்டின் உயிர்நிலை.

கலவிங்கத்தின் பெயரால் ஜப்பானிய அரண்மனை ஆடல்களுள் ஒன்றும் வழங்குகின்றது. சிறுவர் பறவைச் சிறகு அணிந்து ஆடும் அவ்வாடலைக் கொணர்ந்தோராக மரபுச் செய்திகள் போதிசேனரையும் சம்பா நாட்டுத் துறவி ஒருவரையும் குறிக்கின்றன. 736ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்து, 752ஆம் ஆண்டில் தோதாய்ஜி கோயிலின் பெரும் புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் சடங்கினை நிகழ்த்திய போதிசேனரைத் தென்னிந்தியராக அம்மரபு குறிப்பிடுகின்றது.

ஆறு பறவைகளின் பட்டியல்

குமாரசீவர் 402ஆம் ஆண்டளவில் சீனத்தில் மொழிபெயர்த்த அமிதாப சூத்திரம் மேற்றிசைத் தூயவுலகில் அறம் பாடும் ஆறு பறவைகளைப் பட்டியலிடுகின்றது. வெண்ணிற அன்னவினப் பறவை, மயில், கிளி, நாகணவாய், கலவிங்கம், 'ஓருயிர்ப் பறவை' என்பன அவை. இறுதியிற் கூறப்பட்ட ஓருயிர்ப் பறவை ஈருதலை கொண்டது. வடமொழியில் சீவஞ்சீவகம் என்பர். ஜப்பானியர் 'குமியோச்சோ' என்பர்.

இப்பட்டியலைத் தமிழக நெசவை அறிந்தவர் படிப்பின் வியப்புறுவர். அன்னம், மயில், கிளி, இருதலைப்பட்சி ஆகிய நான்கும் காஞ்சிபுரப் பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் வழிவழியாக நெய்யப்படுபவை. இதனைக் கொண்டு நம் நெசவாளர் பௌத்த நூலைப் பின்பற்றினர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. இந்தியாவின் பொதுவான பறவைக் கற்பனைத் தொகுதியொன்றிலிருந்து சூத்திரம் எழுதியோரும் சிற்பிகளும் நெசவாளரும் தத்தம் தேவைக்கு எடுத்துக்கொண்டனர் எனக் கொள்வதே முறை. ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டபின் அதற்கு ஏற்றிய பொருளே வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டை இருதலைப்புள் தெளிவாகக் காட்டுகின்றது.

இருதலைப்புள்ளின் மூன்று பொருள்கள்

முதலாவது, ஒருமைப் பொருள். கபிலர் பாடிய அகநானூற்றின் 12ஆம் பாடலில் தோழி, தலைவிக்கும் தனக்கும் உள்ள நட்பினை ஈருதலையும் ஓருயிரும் கொண்ட பறவையோடு ஒப்பிடுகின்றாள். ஈண்டு ஓருயிராகக் கூறப்படுவோர் கணவனும் மனைவியும் அல்லர், இரு பெண்கள் என்பது கருதத்தக்கது. தாயின் அன்பையும் தந்தையின் அன்பையும் முன்னர்க் கூறி, அவற்றின் தொடர்ச்சியாகவே தன் நட்பைத் தோழி கூறுகின்றாள். குருதியுறவுக்கு நிகராக நட்பை நிறுத்துவதற்கு அவளுக்கு உலகியற் பறவை எதுவும் போதவில்லை. தொன்மப் பறவையே தேவைப்பட்டது.

இரண்டாவது, பிளவின் பொருள். பஞ்சதந்திரக் கதையில் பாருண்டம் என்னும் பறவையின் ஒரு தலை சுவைமிக்க கனியைப் பெற்று மற்றதற்குத் தர மறுக்கின்றது. சினந்த மறுதலை நஞ்சினை உண்கின்றது. உடல் ஒன்றாதலின் இரண்டும் மடிகின்றன. பௌத்த நூல்களிலும் இக்கதை உண்டு; நஞ்சுண்ட தலை தேவதத்தனின் முற்பிறப்பாகக் கூறப்படும். கலித்தொகையின் மருதக்கலிப் பாடலொன்று இவ்விரு பொருள்களையும் இணைக்கின்றது. ஊடல்கொண்ட தலைவியிடம் தலைவன், ஓருயிர்ப் பறவையின் ஒரு தலை மற்றொன்றோடு போரிடுவது போன்றது இப்புலவி என்னும் கருத்துப்பட உரைக்கின்றான். இங்குத்தான் இருதலைப்புள் தலைவன் தலைவியரின் குறியீடாகின்றது. ஒருமையும் பூசலும் ஒருசேர அதில் அடங்கியுள்ளன.

மூன்றாவது, ஆற்றலின் பொருள். கண்டபேருண்டம் என்னும் பெயரில் யானைகளையும் பற்றித் தூக்கவல்ல பறவையாக இது கன்னட நாட்டில் வளர்ந்தது. பள்ளிகாவியில் 1047ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தூணின் உச்சியில் மனித உடலும் ஈருபறவைத் தலையுமாக இது நிற்கின்றது. விசயநகர வேந்தர் அச்சுத தேவராயர் (1529–1542) வெளியிட்ட பொற்காசுகளில் யானைகளைப் பற்றிய நிலையில் பொறிக்கப்பட்டுள்ளது. மைசூர் உடையார்களின் சின்னமாகி, இன்று கர்நாடக அரசின் இலச்சினையாகத் தொடர்கின்றது. சமயக் களத்திலும் இதற்கு இடமுண்டு. நரசிங்கத்தை அடக்கச் சிவன் சரபமாக வந்தார் என்பது சைவக் கதை. அச்சரபத்தை எதிர்க்க நரசிங்கம் கண்டபேருண்டமாயிற்று என்பது வைணவ மறுமொழி. மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபமூர்த்திக்குத் தனிச் சன்னிதி உள்ளது. அத்திருபுவனமே புகழ்பெற்ற பட்டு நெசவூராகவும் விளங்குவது குறிக்கத்தக்கது.

சேலையில் இணைந்த இரு நெறிகள்

இனி, பட்டுச் சேலையின் இருதலைப்பட்சியை நோக்குவோம். இரு தலைகளும் எதிரெதிர்த் திசை நோக்க, சிறகுகள் விரிந்து, வால் கீழ்நோக்கி விசிறியாக அமைய, நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்த அமைப்புடன் அது நெய்யப்படுகின்றது. இவ்வமைப்பு காசுகளிலும் கொடிகளிலும் காணப்படும் கண்டபேருண்டத்தின் அமைப்பேயாகும். ஊடும் பாவும் நேர்க்கோணத்தில் குறுக்கிடும் நெசவில், பாதி உருவை வகுத்துவிட்டால் மறுபாதியைத் திருப்பி அமைத்துக்கொள்ள இயலும். இச்செய்முறை வசதியும் அவ்வடிவம் நெசவில் நிலைபெறத் துணைசெய்தது எனலாம். ஆகவே வடிவம் அரசச் சின்னத்திலிருந்து வந்தது என்பதில் ஐயத்திற்கு இடம் குறைவு.

ஆயின் பொருள்? மணப்பெண் உடுத்தும் சேலையில் போர்வலியைக் குறிக்கும் சின்னத்திற்கு என்ன வேலை? அவ்வுருவில் யானைகள் இல்லை. பற்றிக் கிழிக்கும் உகிர்கள் முனைப்பாகக் காட்டப்படுவதில்லை. மாறாக, அன்னம், மயில், கிளி ஆகிய காதற்பறவைகளின் வரிசையில் அது வைக்கப்படுகின்றது. ஓர் உருவின் பொருளை அதன் அண்டை உருக்களைக் கொண்டு உணர்தல் குறியீட்டாய்வின் அடிப்படை நெறி. அந்நெறிப்படி நோக்கின், சேலையின் இருதலைப்பட்சி அச்சுத தேவராயரின் காசைவிட மருதக்கலியின் ஓருயிர்ப் பறவைக்கே நெருங்கியது. சங்கப் பாடலை நெசவாளர் படித்து நெய்தனர் என்பது இதன் பொருளன்று. ஈருடல் ஓருயிர் என்னும் வழக்காக மக்கள் மனத்தில் வாழும் கருத்து, அரசச் சின்னமாக வந்த வடிவத்தைத் தனதாக்கிக்கொண்டது என்பதே ஈண்டு முன்வைக்கப்படுவது.

இதற்கு ஜப்பானிய மெருகுக்கலையில் இணையான சான்று உண்டு. ஹோ-ஓ என்னும் தொன்மப் பறவை சீனத்திலிருந்து வந்தது. நல்லாட்சி நிலவும்போது மட்டும் தோன்றும், கிரி மரத்தில் மட்டும் தங்கும், மூங்கில் விதையை மட்டும் உண்ணும் என்பன அதன் இயல்புகள். பேரரசரின் சடங்கு உடையில் கிரி மரத்தோடும் மூங்கிலோடும் நெய்யப்பட்ட உருவம் அது. ஆட்சிக் குறியான அப்பறவை காலப்போக்கில் மணப்பெண்ணின் உடைகளிலும் மெருகுப் பேழைகளிலும் இடம்பெற்று, மங்கலத்தின் குறியாயிற்று. அரசவையில் பிறந்த உரு மணவறையில் வேறு பொருள் பெறும் நிகழ்வு இரு நாடுகளுக்கும் பொதுவாகின்றது.

மணப்பொருள்களில் பறவை பெறும் இடத்திற்கு மற்றொரு சான்று 1639ஆம் ஆண்டின் 'ஹத்சுனே' மணச்சீர்த் தொகுதி. ஷோகன் இயெமித்சுவின் மகள் சியோஹிமேயின் திருமணத்திற்காகக் கோவாமி நாகாஷிகே ஆக்கிய இத்தொகுதி நகோயாவின் தொக்குகவா கலைக்கூடத்தில் உள்ளது. உகுயிசு என்னும் சிறுபறவையின் புத்தாண்டு முதற்குரலைப் பற்றிய பழம் பாடலே இதன் அடிப்படை. பாடலின் எழுத்துகள் காட்சியினூடே மறைத்து வைக்கப்பட்டுள்ளன. பாடலை அறிந்தவரே பொருளை முழுமையாகப் பெறுவர். நம் சேலையின் பறவையும் இத்தகையதே. அதன் பெயரையும் மரபையும் அறியாதார்க்கு அது வெறும் 'பூவேலை'.

கொங்கு நாடும் இடப்பெயர்வும்

கன்னட நாட்டுச் சின்னம் தமிழகத் தறிக்கு வந்த வழிகளுள் கொங்கு நாடு கருதத்தக்கது. நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த கொடுமணல் அகழாய்வில் நூற்புக் கதிர்களின் சுடுமண் வட்டுகள் கிடைத்துள்ளமை இப்பகுதியின் துணித்தொழில் தொன்மையைக் காட்டும். பிற்காலத்தில் கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்க நெசவாளர் விசயநகர, நாயக்கர் காலங்களில் பெருமளவில் இங்குக் குடியேறினர். சௌடேசுவரி அம்மன் வழிபாட்டை உடன்கொணர்ந்த அவர்கள் நெகமம், சிறுமுகை போன்ற நெசவூர்களில் இன்றும் தொழில் செய்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்கதேவராய உடையார் (1673–1704) காலத்தில் கொங்கின் பெரும்பகுதி மைசூர் ஆட்சிக்குட்பட்டது. 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் வீழ்ச்சிவரை அத்தொடர்பு நீடித்தது. சின்னத்தை உடைய அரசும், உருவை நெய்யும் கைகளும் ஒரே திசையிலிருந்து வந்த நிலம் இது. இருதலைப்பட்சி கொங்கு வழியாக மட்டுமே வந்தது எனக் கூறவியலாது. விசயநகர ஆட்சி தமிழகம் முழுவதும் பரவியிருந்தது. எனினும் அரசும் நெசவும் இணைந்து வந்த சூழலை ஆராய்வதற்குக் கொங்கு தக்க களமாகும்.

தமிழகத் துணிக்கும் ஜப்பானுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் உண்டு. ஒல்லாந்தர் கப்பல்கள் கொண்டுசென்ற சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை ஜப்பானியர் 'சரசா' என்றனர். கோடிட்ட பருத்தித் துணியைச் 'சந்தோமே' என்றனர்; அது மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர். இத்துணிகளின் சிறு துண்டுகளும் போற்றப்பட்டுத் தேநீர்ச் சடங்கின் கலங்களுக்கு உறைகளாகத் தைக்கப்பட்டன.

திருப்பூரின் இன்றைய நிலை

1920களில் கதர் உற்பத்தியின் முதன்மை நடுவமாக விளங்கிய திருப்பூர், பின்னர்ப் பனியன் தொழிலில் வளர்ந்து, 1980கள் முதல் ஏற்றுமதிப் பின்னலாடை நகராயிற்று. கைத்தறியில் உருவை வகுத்தவரும் நெய்தவரும் அதன் பெயரை அறிந்திருந்தனர். பெயரே உருவை நினைவில் வைக்கும் கருவியாக இருந்தது. பின்னலாடையில் உரு, அச்சாகவோ கணினிப் பூவேலையாகவோ துணி உருவானபின் மேலேற்றப்படுகின்றது. அது வாங்குவோரிடமிருந்து எண்ணிட்ட கோப்பாக வருகின்றது, எண்ணாகவே கையாளப்படுகின்றது. ஈருதலைப் பறவை அச்சிடப்பட்டால் அது ஐரோப்பிய அரசுகளின் இருதலைக் கழுகா, கண்டபேருண்டமா, இருதலைப்புள்ளா என்பது அச்சிடுபவருக்குத் தெரியவேண்டிய தேவையில்லை.

இப்பெயரிழப்பு அறிஞரிடமும் உண்டு. ஹோ-ஓவைப் 'பீனிக்ஸ்' எனத் தமிழில் எழுதுகின்றோம். தீயில் எரிந்து சாம்பலிலிருந்து எழும் பறவை கிரேக்க மரபினது. ஹோ-ஓ எரிவதுமில்லை, எழுவதுமில்லை. அவ்வாறே இருதலைப்பட்சியை 'இருதலைக் கழுகு' எனப் பதிவுசெய்யும்போது அதன் ஒருமைப் பொருள் மறைந்து ஆற்றற்பொருள் மட்டும் எஞ்சுகின்றது. காஞ்சிபுரப் பட்டு, திருபுவனப் பட்டு, பவானி ஜமக்காளம் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அச்சட்டம் பொருளின் பெயரையும் தோன்றிய இடத்தையும் காக்கின்றது. அப்பொருளில் இடம்பெறும் உருக்களின் பெயர்களையும் பொருள்களையும் தொகுப்பது ஆய்வாளரின் கடமையாகவே எஞ்சி நிற்கின்றது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, இருதலைப்பட்சியின் வடிவம் கண்டபேருண்டச் சின்னத்தினின்று வந்தது. மணச்சேலையில் அதன் பொருளோ அகமரபில் வேரூன்றிய ஓருயிர்க் கருத்தைச் சார்ந்தது. இரண்டாவது, வடிவமும் பொருளும் வெவ்வேறு நெறிகளில் வந்து ஒரு பொருளில் இணைதல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஹோ-ஓவின் வரலாறு இதற்குச் சான்று. மூன்றாவது, உரு இடம்பெறும் பொருளின் பயனே அதன் பொருளை உறுதிசெய்கின்றது. ஏட்டுப் பெட்டியின் கலவிங்கம் அறத்தின் குரலாவதும், மணச்சேலையின் இருதலைப்புள் இணைவின் குறியாவதும் அவ்வாறே.

கொங்குப் பகுதியின் நெசவூர்களில், உரு வகுக்கும் கட்டத்தாள்களும் ஜக்கார்டு அட்டைகளும் முதிய நெசவாளரின் சொல்வழக்குகளும் இன்னும் எஞ்சியுள்ளன. உருவின் படத்தோடு அதன் வழக்குப் பெயரையும், அது எந்நிகழ்விற்குரிய துணியில் நெய்யப்பட்டது என்பதையும் சேர்த்துத் தொகுப்பின், நெசவு வரலாற்றிற்கும் சொல்லாய்விற்கும் அது ஒருங்கே பயன்படும். தொன்மப் பறவைக்குக் காட்டில் கூடு இல்லை. அதன் கூடு அதன் பெயரே. பெயரை இழந்தபின் எஞ்சும் உருவிற்கு வரலாறு இராது.